மே குஸ்தா, மே குஸ்தான்: ஸ்பானிஷில் 'பிடிக்கும்' என்று சொல்லும்போது ஒருமை எங்கே, பன்மை எங்கே?

கேள்வி இதுதான்: "மே குஸ்தா எல் கஃபே" என்றால் எனக்குக் காபி பிடிக்கும். "மே குஸ்தான் லோஸ் பெர்ரோஸ்" என்றால் எனக்கு நாய்களைப் பிடிக்கும். இரண்டிலும் பிடிப்பது ஒரே ஆளுக்கு. அப்படியிருக்க வினை ஏன் மாறுகிறது? எப்போது குஸ்தா, எப்போது குஸ்தான்? வேறு எந்த வினைகள் இப்படி நடக்கின்றன?

சுருக்கமாகச் சொன்னால், இந்த வினை ஆளைப் பார்ப்பதே இல்லை. பிடித்த பொருள் எதுவோ அதுதான் வாக்கியத்தின் எழுவாய். பொருள் ஒன்று என்றால் குஸ்தா, பல என்றால் குஸ்தான். யாருக்குப் பிடிக்கிறது என்பதை முன்னால் நிற்கும் சின்னச் சொல் மட்டும் காட்டும். மே (எனக்கு), தே (உனக்கு), லே (அவனுக்கு, அவளுக்கு, உங்களுக்கு), நோஸ் (எங்களுக்கு, நமக்கு), ஓஸ் (உங்களுக்கு, பலரிடம் நெருக்கமாகப் பேசும்போது, ஸ்பெயினில் மட்டும்), லேஸ் (அவர்களுக்கு, பலரைப் பார்த்து 'உங்களுக்கு' என்பதற்கும் இதுவே).

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. 'குரு'வில் வரும் 'கு' போல ஒலிக்க வேண்டும், அழுத்தம் முதல் அசையான 'குஸ்' மேல் விழ வேண்டும். தமிழில் எழுத வசதியாக 'தா' என்று நெடிலாகப் போட்டிருக்கிறேன், வாயில் நீட்ட வேண்டாம்.

ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். 'நான் காபியை விரும்புகிறேன்' என்ற அச்சில் யோசித்துவிட்டு, 'நான்' எங்கே போயிற்று என்று தேடுவார்கள். தமிழில் யோசித்தால் அந்தத் தேடலே வேண்டாம். 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதில் 'எனக்கு' நான்காம் வேற்றுமை. 'மே'யும் அதே வேலையைத்தான் செய்கிறது. 'நான் காபி பிடிக்கிறேன்' என்று நாம் சொல்வதில்லை, சொன்னால் கையில் டம்ளரைப் பிடிப்பதாகிவிடும். அதுபோலவே "யோ குஸ்தோ கஃபே" என்பது ஸ்பானிஷில் கிடையாது. ஆகவே பாதி வேலை தமிழிலேயே முடிந்துவிடுகிறது. மீதிப் பாதியில் தமிழ் காலை வாரிவிடும். எங்கெங்கே என்று பார்ப்போம்.

முதலாவது, நம் 'பிடிக்கும்' எண் காட்டாது. புத்தகம் பிடிக்கும், புத்தகங்கள் பிடிக்கும், இரண்டுக்கும் ஒரே வடிவம். எழுத்துத் தமிழின் இறந்த காலத்தில் 'பிடித்தது', 'பிடித்தன' என்று வேறுபாடு உண்டு. பேச்சில் எல்லாமே 'பிடிச்சிருக்கு'தான். அதனால் வாய் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் 'குஸ்தா' என்றே வந்துவிடும்.

இரண்டாவது இதைவிடப் பெரிய பொறி. எண்ணக்கூடிய பொருள்களைப் பொதுவாகப் பேசும்போது தமிழ் ஒருமையிலேயே சொல்லிவிடும். 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்றால் உலகத்து மாம்பழங்கள் எல்லாம் என்று பொருள், யாரும் 'மாம்பழங்கள் பிடிக்கும்' என்பதில்லை. ஸ்பானிஷில் எண்ணக்கூடிய பொருளின் இனத்தைச் சொல்ல இயல்பான வழி பன்மை: "மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்", "மே குஸ்தான் லாஸ் மன்சானாஸ்" (ஆப்பிள்கள்), "மே குஸ்தான் லோஸ் காதோஸ்" (பூனைகள்). தமிழ் வாக்கியத்தை அப்படியே ஒருமையில் கொண்டுபோய் "மே குஸ்தா எல் பெர்ரோ" என்றால், கேட்பவர் குறிப்பிட்ட ஒரு நாயைச் சொல்கிறீர்கள் என்று நினைத்து, எந்த நாய் என்று சுற்றிப் பார்ப்பார். ஆகவே வாக்கியம் அமைக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதை ஒன்று, இரண்டு என்று எண்ண முடியுமா என்பது. முடியும், பொதுவாகச் சொல்கிறேன் என்றால் பன்மை.

எண்ண முடியாதவை ஒருமையில் நிற்கும். சோறு (எல் அர்ரோஸ்), பால் (லா லேச்சே), இசை (லா மூசிகா), மழை (லா யூபியா) எல்லாவற்றுக்கும் குஸ்தா. சில சொற்கள் இரண்டு பக்கமும் போகும், அப்போது பொருளும் மாறும். "மே குஸ்தா எல் போயோ" என்றால் கோழிக்கறி பிடிக்கும். "மே குஸ்தான் லோஸ் போயோஸ்" என்றால் ஓடித்திரியும் கோழிகளைப் பிடிக்கும். "எல் சோகோலாதே" என்பது சாக்லேட் என்ற பண்டம், "லோஸ் சோகோலாதேஸ்" பெட்டியில் வரும் மிட்டாய்கள். மீனுக்கோ சொல்லே வேறு: தட்டில் இருப்பது எல் பெஸ்காதோ, தண்ணீரில் நீந்துவது பன்மையில் லோஸ் பேஸேஸ். பழங்களிலும் "மே குஸ்தா எல் மாங்கோ" என்று ஒருமையில் கேட்கலாம், அப்போது பேச்சு மாம்பழத்தின் சுவையைப் பற்றியது. தப்பில்லை. ஆனால் தொடக்கத்தில் பன்மையைப் பழகிக்கொள்வது பாதுகாப்பு.

வடிவத்தைப் பார்த்து ஏமாறக்கூடிய சொற்களும் உண்டு. கணிதம் ஒரு பாடம்தான், ஆனால் லாஸ் மத்தெமாத்திகாஸ் என்று பன்மையில் வரும், எனவே குஸ்தான். மூக்குக்கண்ணாடி ஒன்றே என்றாலும் லாஸ் காஃபாஸ், எனவே குஸ்தான். எதிர்ப்பக்கம், 'மக்கள்' என்று நாம் பன்மையாக நினைக்கும் லா ஹென்தே ஒருமை: "மே குஸ்தா லா ஹென்தே அமாப்லே", அன்பாகப் பழகும் மனிதர்களைப் பிடிக்கும். குடும்பமும் (லா ஃபமீலியா) அப்படியே.

மூன்றாவது பொறி, பெயருக்கு முன்னால் வரும் எல், லா, லோஸ், லாஸ். தமிழில் இப்படியொரு சொல்லே இல்லாததால் விட்டுவிடத் தோன்றும். "மே குஸ்தா கஃபே" என்றால் தவறு, "எல் கஃபே" வேண்டும். பொதுவாக ஓர் இனத்தைச் சொன்னாலும் இந்த முன்சொல் போகாது. இதிலே ஒரு லாபம் உண்டு: எல், லா வந்தால் குஸ்தா, லோஸ், லாஸ் வந்தால் குஸ்தான். முன்சொல்லைச் சரியாகப் போட்டால் வினையும் பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

வினைச்சொல்லையே பிடித்ததாகச் சொன்னால் எப்போதும் ஒருமை. படிக்கப் பிடிக்கும்: "மே குஸ்தா லெயேர்". பாடவும் ஆடவும் பிடிக்கும்: "மே குஸ்தா கந்தார் இ பைலார்". செயல் இரண்டானாலும் மூன்றானாலும் குஸ்தான் ஆகாது. தவறு எங்கே வரும் என்றால், அந்த வினைக்குப் பின்னால் ஒரு பன்மைப் பெயர் நிற்கும்போது. 'புத்தகங்கள் படிக்கப் பிடிக்கும்' என்பதற்கு "மே குஸ்தான் லெயேர் லீப்ரோஸ்" என்று எழுதுபவர்கள் நிறைய. கண் 'லீப்ரோஸ்' மேல் போய்விடுகிறது. பிடித்தது படித்தல் என்ற செயல், புத்தகங்கள் அந்தச் செயலின் செயப்படுபொருள் மட்டுமே. எனவே "மே குஸ்தா லெயேர் லீப்ரோஸ்". படிப்பதை எடுத்துவிட்டுப் புத்தகங்களை மட்டும் சொன்னால்தான் "மே குஸ்தான் லோஸ் லீப்ரோஸ்".

இதே கோணத்தில், தொடரின் தலைச்சொல் எது என்றும் பாருங்கள். பூக்களின் வாசம் பிடிக்கும் என்றால் பிடித்தது வாசம்: "மே குஸ்தா எல் ஓலோர் தே லாஸ் ஃப்ளோரேஸ்". இந்தத் தோட்டத்தின் பூக்கள் பிடிக்கும் என்றால் "மே குஸ்தான் லாஸ் ஃப்ளோரேஸ் தே எஸ்தே ஹர்தீன்". தமிழில் தலைச்சொல் கடைசியில் வரும், ஸ்பானிஷில் முதலில் வரும். வினைக்கு அடுத்து வரும் பெயரைப் பார்த்தால் போதும்.

'நீ பாடுவது எனக்குப் பிடிக்கும்' போல ஒரு முழு வாக்கியமே பிடித்ததாக வந்தாலும் ஒருமைதான்: "மே குஸ்தா கே காந்தேஸ்". 'கே'க்குப் பின் வினை வேறு வடிவம் எடுக்கும், சாதாரண 'காந்தாஸ்' இங்கே செல்லாது. குழந்தைகள் பாடுவது பிடிக்கும் என்றாலும் "மே குஸ்தா கே லோஸ் நீஞோஸ் காந்தென்". உள்ளே பன்மை, வெளியே குஸ்தா.

இரண்டு பெயர்களை 'இ' போட்டுச் சேர்த்தால் பன்மை: "மே குஸ்தான் எல் கஃபே இ எல் தே", காபியும் டீயும் பிடிக்கும். எண்ண முடியாத இரண்டு பொருள்கள் வினைக்குப் பின்னால் வரும்போது பேச்சில் "மே குஸ்தா" என்றும் காதில் விழும். எழுத்திலும் தேர்விலும் பன்மையைப் போட்டுவிடுங்கள்.

கொஞ்சம் மேல்நிலைக்குப் போனவர்களுக்கு ஒரு நுணுக்கம்: 'எனக்கு அதிகம் பிடித்தது ஆப்பிள்கள்' என்பது "லோ கே மாஸ் மே குஸ்தா சோன் லாஸ் மன்சானாஸ்". 'லோ கே'க்குள் இருக்கும் குஸ்தா ஒருமையிலேயே நிற்கும், பின்னால் வரும் 'சோன்' மட்டும் ஆப்பிள்களோடு பன்மையாகும்.

இனி ஆள் பக்கம். பெயர் சொல்லிச் சொன்னால் 'ஆ' சேர்ப்பார்கள், அதற்குமேல் லே அல்லது லேஸும் வர வேண்டும். 'ஆனாவுக்கு' என்று சொன்னபின் மறுபடி ஒரு 'அவளுக்கு' எதற்கு என்று தமிழ்க் காது கேட்கும். ஆனால் "ஆ ஆனா குஸ்தா எல் லீப்ரோ" என்று விட்டால் வாக்கியம் குறையாகிவிடும். நான்கு சேர்க்கைகளையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

ஆ ஆனா லே குஸ்தா எல் லீப்ரோ. (ஓர் ஆள், ஒரு பொருள்)
ஆ ஆனா லே குஸ்தான் லோஸ் லீப்ரோஸ். (ஓர் ஆள், பல பொருள்)
ஆ லோஸ் நீஞோஸ் லேஸ் குஸ்தா எல் லீப்ரோ. (பல ஆள், ஒரு பொருள்)
ஆ லோஸ் நீஞோஸ் லேஸ் குஸ்தான் லோஸ் லீப்ரோஸ். (பல ஆள், பல பொருள்)

மூன்றாவதில்தான் பலர் சறுக்குவார்கள். குழந்தைகள் பலர் என்பதால் கை தானாகக் 'குஸ்தான்' என்று எழுதும். ஆளின் எண் லே, லேஸில் தீர்ந்துவிட்டது, வினைக்கு அதில் பங்கில்லை. இன்னொன்று: தென் ஸ்பெயினிலும் கரீபியன் நாடுகளிலும் சொல்லின் கடைசி 'ஸ்' மெலிந்துவிடும், 'லேஸ் குஸ்தா' காதில் 'லே குஸ்தா' போலத்தான் விழும். அவர்கள் வாயைப் பார்த்து இலக்கணம் கற்றுக்கொள்ளாதீர்கள், எழுதும்போது லேஸ் தேவை.

'ஆ மீ', 'ஆ தீ' போன்றவை அழுத்தம் கொடுக்க மட்டும். "ஆ மீ மே குஸ்தா" என்றால் 'எனக்கென்றால் பிடிக்கும், மற்றவர்கள் கதை தெரியாது' என்ற தொனி. அர்ஜென்டினாவில் 'ஆ தீ'க்குப் பதில் 'ஆ போஸ்' என்பார்கள், 'தே' மட்டும் மாறாது. ஒத்துப்போகும்போது "யோ தம்பியென்" என்று சொல்லாதீர்கள், அது 'நானும்'. 'எனக்கும்' என்பதற்கு "ஆ மீ தம்பியென்", 'எனக்கும் பிடிக்காது' என்பதற்கு "ஆ மீ தம்போகோ". 'பிடிக்குமா?' என்று யாராவது கேட்டால் "சீ, மே குஸ்தா" அல்லது "சீ, மே குஸ்தான்" போதும். நடுவில் 'அது' என்று ஒன்றைச் செருகி "மே லோ குஸ்தா" என்பது தவறு. நாமும் 'ஆமா, பிடிக்கும்' என்றுதானே நிறுத்துகிறோம்.

ஆட்களைப் பிடிப்பது பற்றி எச்சரிக்கை. தமிழில் 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' என்பதில் 'உன்னை' இரண்டாம் வேற்றுமை. ஸ்பானிஷில் 'நீ' எழுவாயாகிவிடும், வினையும் உன்னைப் பார்த்து மாறும்: "மே குஸ்தாஸ்". 'உனக்கு என்னைப் பிடிக்குமா?' என்பது "தே குஸ்தோ?" ஆக, 'குஸ்தோ' என்ற வடிவம் உண்டு. ஆனால் அதற்கு 'நான் விரும்புகிறேன்' என்று பொருள் வராது, 'நான் பிடித்தவனாக இருக்கிறேன்' என்றே வரும். "மே குஸ்தோ" என்று உளறினால் எனக்கே என்னைப் பிடிக்கும் என்றாகும். "மே குஸ்தாஸ்" என்பதில் காதல் வாடை உண்டு, அலுவலக நண்பரிடம் சொல்ல வேண்டாம். அங்கே "மே காயேஸ் பியென்" என்பார்கள். ஒருவர் என்றால் "மே காயே பியென்", பலர் என்றால் "மே காயென் பியென்". பாடகர், நடிகர் பற்றிப் பேசும்போது "மே குஸ்தா" போடலாம், அது அவர்கள் வேலையைப் பற்றியது என்று எல்லோருக்கும் புரியும்.

'ரொம்ப' சேர்க்கும்போது 'மூச்சோ' மாறாது. "மே குஸ்தான் மூச்சோ லோஸ் பெர்ரோஸ்", நாய்கள் ரொம்பப் பிடிக்கும். பன்மை என்று 'மூச்சோஸ்' போட்டால் 'நிறைய நாய்கள் பிடிக்கும்' என்று பொருளே மாறும். இன்னும் அழுத்தமாகச் சொல்ல "மே என்காந்தா", பன்மையில் "மே என்காந்தான்". இதோடு மூச்சோ சேர்க்கக் கூடாது, அதற்குள்ளேயே 'ரொம்ப' இருக்கிறது.

காலம் மாறினாலும் விதி அதேதான். வழக்கமாகப் பிடித்திருந்தது: குஸ்தாபா, குஸ்தாபான். ஒருமுறை பார்த்துப் பிடித்துப்போனது: ஒருமையில் 'குஸ்தோ' (கடைசி அசையில் அழுத்தம், எழுத்திலும் மேலே ஒரு கோடு வரும்), பன்மையில் 'குஸ்தாரோன்'. 'பிடித்திருக்கிறது' என்பதில் முதல் துண்டுதான் எண்ணைக் காட்டும்: "மே ஆ குஸ்தாதோ", "மே ஆன் குஸ்தாதோ". 'குஸ்தாதோஸ்' என்று கடைசியில் பன்மை ஒட்டாதீர்கள். 'பிடிக்கப்போகிறது' என்பதும் அப்படியே: "தே பா ஆ குஸ்தார்", "தே பான் ஆ குஸ்தார்".

இதே அச்சில் நடக்கும் வினைகள் நிறைய, பெரும்பாலும் தமிழின் 'எனக்கு' வினைகளோடு பொருந்திப்போகும். எனக்குத் தலை வலிக்கிறது: "மே துவேலே லா கபேசா". 'என் தலை' என்று சொல்ல வேண்டாம், 'லா' போதும். ஆனால் நாம் 'கால் வலிக்குது', 'கண் எரியுது' என்று ஒருமையில் சொல்லி இரண்டையும் குறிப்போம். ஸ்பானிஷ் எண்ணிப் பார்க்கும்: இரண்டு பாதமும் வலித்தால் "மே துவேலென் லோஸ் பியேஸ்". 'மே துவேலே எல் பியே' என்றால் மருத்துவர் எந்தக் கால் என்று கேட்பார்.

'குறைகிறது' என்பதற்கு ஃபால்தா, ஃபால்தான்: "மே ஃபால்தான் தோஸ் எயூரோஸ்", எனக்கு 2 யூரோ குறைகிறது. 'மீதி இருக்கிறது' என்பதற்கு கேதா, கேதான். எண்ணுப்பெயர் வந்தால் தமிழ் 'ஐந்து நிமிடம்', 'மூன்று நாள்' என்று ஒருமையிலேயே விட்டுவிடும் என்பதை இங்கே மறக்க வேண்டாம். 'தேவைப்படுகிறது' என்பதற்கு ஆசே ஃபால்தா, ஆசென் ஃபால்தா. இதில் மாறுவது 'ஆசே' மட்டும். 'தோன்றுகிறது' என்பதற்கு பரேசே, பரேசென், இதில் பின்வரும் அடைமொழியும் எண் மாறும்: "மே பரேசென் காரோஸ்", விலை அதிகமாகத் தோன்றுகின்றன. இந்தேரேசா (ஆர்வம்), மொலேஸ்தா (தொந்தரவு), இம்போர்தா (பொருட்டு) எல்லாம் இதே வழி. 'சாப்பிட ஆசையாக இருக்கிறது' என்பதற்கு ஸ்பெயினில் "மே அபெதேசே", மெக்சிகோவில் "சே மே அந்தோஹா", பல டாக்கோ என்றால் "சே மே அந்தோஹான் ஊனோஸ் தாகோஸ்". 'சாவி மறந்துபோச்சு' வகையும் இந்தக் குடும்பம்: "சே மே ஓல்பிதாரோன் லாஸ் யாபேஸ்". மறந்தவர் ஒருவர், சாவிகள் பல, எனவே வினை பன்மை.

பயிற்சிக்கு ஐந்து. தமிழில் எல்லாமே ஒருமை போலத் தெரியும்படி வேண்டுமென்றே எழுதியிருக்கிறேன். விடையைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள்.

எனக்கு ஆரஞ்சுப்பழம் பிடிக்கும். மே குஸ்தான் லாஸ் நரான்ஹாஸ்.
குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் பிடிக்கும். ஆ லோஸ் நீஞோஸ் லேஸ் குஸ்தா எல் எலாதோ.
மரியாவுக்குக் கண் வலிக்கிறது, இரண்டும். ஆ மரீயா லே துவேலென் லோஸ் ஓஹோஸ்.
எங்களுக்குப் படம் பார்க்கப் பிடிக்கும். நோஸ் குஸ்தா பேர் பெலீகுலாஸ்.
எனக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. மே கேதான் சின்கோ மினூதோஸ்.

நான்காவதில் 'குஸ்தான்' என்று வந்திருந்தால் மேலே 'லெயேர்' பற்றிய பத்தியை மறுபடி படியுங்கள். முதலாவதும் ஐந்தாவதும் தவறியிருந்தால், ஸ்பானிஷ் வினையை விட்டுவிட்டு, தமிழ் வாக்கியத்தை முதலில் 'ஆரஞ்சுப்பழங்கள்', 'நிமிடங்கள்' என்று பன்மையில் மாற்றிச் சொல்லிவிட்டுப் பிறகு ஸ்பானிஷுக்குப் போங்கள்.